இடது முட்டி

யாரும் அவளை இடிக்கவில்லை.
அறிக்கையில் அதற்கென்று ஒரு கட்டம் உண்டு:
மோதலா, மோதல் இல்லையா.
இல்லை என்பதில் குறியிட்டேன்.

ஜனவரி. பூடோ நகரம்
மூன்று மணிக்கே விளக்கேற்றிக்கொண்டது.
ஹேண்ட்பால் அரங்குக்குள்
விரல்களில் ஒட்டிய பிசின் மணம்.
சுனிவா பந்தோடு ஓடிவந்தாள்,
இடப்பக்கம் போவதாகத் தோளால் ஒரு பொய் சொன்னாள்,
இடக்காலை ஊன்றித் திரும்பினாள்.
பாதம் தரையிலேயே நின்றது.
முட்டி மட்டும் உள்பக்கமாகப் போனது,
தெரியாத வீட்டுக்குள் நுழைவதுபோல.
பச்சைச் சுள்ளி ஒடிகிற சத்தம்
பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்டது.

செப்டம்பரில் அவளை நான் அளந்திருந்தேன்.
பக்கவாட்டில் படுக்கவைத்து,
கணுக்காலுக்கு மேல் கருவியை வைத்து,
"தள்ளு" என்பேன்.
பெண்களுக்கு என் கை போதுமாயிருந்தது.
பையன்களுக்குப் போதவில்லை.
அய்லிவ் ஒரே தள்ளில்
என்னைச் சுவரோரம் சேர்த்துவிட்டான்;
மேசைக்காலில் பட்டை கட்டித்தான்
மற்ற பையன்களை அளந்தேன்.
அவனும் சுனிவாவும் ஒரே வகுப்பு, ஒரே உயரம்.
எடையால் வகுத்தாலும் அவன் எண் பெரியது.
அவளுக்கோ முன்தொடை முந்திக்கொள்ளும்,
பின்தொடை தாமதமாக
'என்ன, கூப்பிட்டாயா' என்று கேட்கும்.

நான் எழுதும் மொழியில்
பெண்ணின் இடைக்குப் பஞ்சமே இல்லை:
கொடி, துடி, மின்னல்,
உண்டோ இல்லையோ என்ற ஐயம்கூட.
நாலு விரல் கீழே தள்ளி,
குதித்து இறங்குகிறவளைச்
சாயாமல் பிடித்து நிறுத்துகிற தசைக்கு
யாராவது ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன்.
என் கண்ணில் படவில்லை.

"பெண் உடம்பு அப்படி" என்றார்
பயிற்சியாளர் தூர்கெய்ர். கனிவாகத்தான் சொன்னார்.
நானும் தலையாட்டினேன்.
இடுப்பெலும்பின் அகலம், மாதச் சுரப்புகள்,
முட்டிக்குள் அந்த நார் ஓடும் குறுகிய பள்ளம்.
பொய் என்று சொல்லமாட்டேன்.
ஆனால் அன்றைக்குத் தண்ணீர் குடிக்கப் போனபோது
எடைப் பயிற்சி அறைக் கதவில் ஒரு தாள் பார்த்தேன்.
ஆண்கள்: திங்கள், புதன், வியாழன் மாலை.
பெண்கள்: ஞாயிறு காலை எட்டு.
சாவி காவலாளியிடம்.
காவலாளி ஞாயிறு வரமாட்டார்.

எத்தனை வருடத் தாள் அது?
மஞ்சளாகியிருந்தது, ஊசிமுனை துருப்பிடித்திருந்தது.
என் அட்டவணையில் உள்ள இடைவெளியில்
எலும்பு எவ்வளவு, கதவு எவ்வளவு?
என் கருவி நியூட்டன் கணக்கில் பேசும்.
இதைக் கேட்டால் சும்மா இருக்கும்.

மார்ச்சில் அறுவை.
அவளுடைய பின்தொடையிலிருந்தே ஒரு நாணை உருவி
முட்டிக்குள் கட்டினார்கள்.
இல்லாதவளிடமே கடன் வாங்குகிற வைத்தியம்.
"பரவாயில்லை, வீட்டுக்குள்ளேயே தானே
கைமாறியிருக்கிறது" என்றாள் சுனிவா,
வலிமாத்திரை மயக்கத்தில்.

கோல்காப்பாளர் ரங்ன்ஹில்
எங்கேயோ போய் அந்தச் சாவிக்கு நகல் வெட்டிவந்தாள்.
கேட்டு வாங்கியதா, கேட்காமலா,
நான் விசாரிக்கவில்லை.
தூர்கெய்ர் பார்த்தார்,
காலணிக் கயிற்றைக் கட்டக் குனிந்துகொண்டார்.
ஏப்ரல் முழுக்கப் பெட்டிமேலிருந்து குதித்தார்கள்.
ஊன்றுகோலோடு பெஞ்சில் உட்கார்ந்து
சுனிவா கத்திக்கொண்டிருந்தாள்:
"முட்டி உள்ளே போகுது! மறுபடி!"
மாரித்துக்கு அப்படியும் முட்டி உள்ளேதான் போனது.
அவளுடைய எண் ஏறவேயில்லை. அதையும் எழுதிவைத்தேன்.

அக்டோபரில் திரும்ப அளவெடுப்பு.
சுனிவா படுத்தாள். தழும்பு ஊதாவாக இருந்தது.
இடதுகாலைத் தள்ளச் சொன்னேன்.
நடுங்கியது. என் கை தாங்கியது.
புரண்டு படுத்தாள். வலதுகால்.
"தள்ளு" என்றேன்.
என் முழங்கை மடங்கி
முதுகு சுவரில் இடித்தது.
"ஐயோ, வலிக்குதா?" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

இரு, படுத்தே இரு என்று சொல்லிவிட்டு
பட்டையை எடுக்க அலமாரிக்குப் போனேன்.